தறி நின்ற பிறகும் நிற்காத சத்தம்

கேள்வி: எனக்கு 63 வயது. குமாரபாளையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டினேன். இப்போது இரண்டு காதும் மந்தம், பரிசோதனையில் இருபக்கமும் 70 டெசிபல் இழப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ராத்திரி படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். காது மெஷின் வாங்கினேன், எல்லாம் கரகரவென்று கேட்டதால் கழற்றி வைத்துவிட்டேன். மெல்லிசாகப் பாட்டு வைத்துத் தூங்கச் சொல்கிறார்கள், அந்தப் பாட்டே எனக்குக் கேட்கவில்லையே. இதற்கு மாத்திரை கிடையாதா?

பதில்: ஐயா, முதலில் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரைச்சலைக் குணப்படுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. கிங்கோ என்ற மர இலையிலிருந்து எடுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது; அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2014 வழிகாட்டி அதைப் பரிந்துரைக்கவே கூடாது என்கிறது. காது மந்தமும் இரைச்சலும் சேர்ந்து தொந்தரவு செய்தால் காது மெஷினுக்குப் பரிசோதிக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில்தான் இருக்கிறது.

ஏன் என்றால், இத்தனை வருடத் தறிச்சத்தம் உங்கள் உள்காதில் சத்தத்தை உணரும் மயிரணுக்களைச் சிதைத்துவிட்டது, அவை திரும்ப முளைக்காது. ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காவிட்டால் வால்யூமைக் கூட்டுவோம் அல்லவா, அப்போது பாட்டு வராது, இரைச்சல்தான் கூடும். வர வேண்டிய சத்தம் வராதபோது மூளையும் அப்படித்தான் கூட்டிவைக்கிறது என்று விளக்குகிறார்கள். அதனால்தான் வீடு அடங்கிய ராத்திரியில் அது உங்களைப் பாடாய்ப்படுத்துகிறது.

பாட்டு கேட்கவில்லை என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான், ஃபேன் சத்தம் அதற்கும் கீழே, 70 டெசிபல் இழந்தவருக்கு இது எதுவும் எட்டாது. காது நன்றாகக் கேட்கிறவர்களுக்குச் சொல்லும் யோசனையை அப்படியே உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு வெளிச்சத்தம் மெஷின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், ஆகவே படுக்கப் போனவுடன் கழற்றாமல், கண் சொருகும் வரை ஒரு காதிலாவது போட்டுக்கொண்டு ஃபேனையோ மழைச் சத்தத்தையோ கேளுங்கள். இரைச்சலை அமுக்கும் அளவுக்கு வைக்காதீர்கள், அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். தலையணையில் அழுந்தினால் மெஷின் விசிலடிக்கும், அந்தக் காது மேலே இருக்கும்படி படுங்கள்.

கரகரப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கழற்றி வைத்த மெஷினை எடுத்துக்கொண்டு, காது கேட்கும் திறனைப் பரிசோதித்து மெஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள், "தட்டு வைத்தால் குத்துகிறது, பேரன் பேசினால் புரியவில்லை" என்று எது எப்போது என்பதைச் சொன்னால் அவர் அதற்கேற்ப மாற்றித் தருவார். ஒரே தடவையில் சரியாகாது, இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். அப்புறம் வீட்டுக்குள் தினமும் இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்து நேரத்தைக் கூட்டுங்கள். பொத்தான் பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்த நிமிடத்திலிருந்தே தீர ஆரம்பித்துவிடும், தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். நல்ல மெஷினைச் சரியாகப் பொருத்தியும் பேச்சு புரியாவிட்டால் ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி பற்றிக் கேளுங்கள், அதைப் பொருத்திய பலருக்கு இரைச்சலும் குறைந்திருக்கிறது.

இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தாலே 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மெஷின் உதவி பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

காதில் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிப்பது, தலைசுற்றல், இதில் எது வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே போய்விடுங்கள்.