ட்வின்ஜ் (twinge) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? பேங் (pang) என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. அகராதியில் இரண்டுக்கும் 'திடீர் வலி' என்று போட்டிருப்பதால் குழப்பம் வருகிறது. ட்வின்ஜ் என்றால் நம் 'சுருக்'. அவ்வளவுதான்.

இந்தச் சொல்லை நான் தெரிந்துகொண்டது பெங்களூரில், ஒரு எலும்பு டாக்டரின் அறையில். அம்மாவுக்கு முட்டி வலி. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது, நடுவில் நான். "மாடிப்படி இறங்குறப்ப சுருக்குனு ஒரு இழு இழுக்குது, அடுத்த படியில கால் வைக்கிறதுக்குள்ள போயிடுது" என்றார் அம்மா. நான் அதை 'சிவியர் பெயின்' என்று சொல்லிவிட்டேன். உடனே டாக்டர், ராத்திரி தூக்கம் கெடுகிறதா, சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலிக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் அம்மா இல்லை இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் பொறுக்காமல் என் புறங்கையில் வெடுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளி, "இப்படி இருக்குன்னு சொல்லு" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே "ஓ, ட்வின்ஜ்!" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அந்தச் சொல்லுக்கு மூலம் 'ட்வெங்கன்' என்ற பழைய ஆங்கில வினை. அதற்குப் பொருளே கிள்ளுவதுதான்!

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். உடம்பில் வந்தால் 'இன்' சேர்க்க வேண்டும்: 'எ ட்வின்ஜ் இன் மை நீ'. கிரிக்கெட் வர்ணனையில் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு ஒரு பவுலர் நின்றால் இதைக் கேட்கலாம். மனதில் வந்தால் 'ஆஃப்': 'எ ட்வின்ஜ் ஆஃப் கில்ட்'. நண்பனின் போனை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, மறுநாள் அவன் "நேத்து வேலையா இருந்தியா?" என்று வெள்ளந்தியாகக் கேட்கும்போது மனதுக்குச் சுருக்கென்கிறதே, அதுதான். உடம்பு, மனசு இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தமிழும் வைத்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பேங் இன்னும் ஆழமானது. பசியில் வயிறு விட்டு விட்டுச் சுருட்டிப் பிடிப்பது 'ஹங்கர் பேங்ஸ்'. அலை அலையாக வருவதால் பெரும்பாலும் பன்மையில்தான் சொல்வார்கள். பிரசவ வலிக்கு 'பெர்த் பேங்ஸ்' உண்டு, 'பெர்த் ட்வின்ஜஸ்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாள் முழுக்கக் கால் உளைந்தால் அது ஏக் (ache). விண் விண் என்று தெறித்தால் த்ராப் (throb).

இந்த வேறுபாடெல்லாம் வெறும் இலக்கணம் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலிக் கேள்வித்தாளில், வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்திருக்கிறார். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே டாக்டருக்கு ஒரு துப்பு.

அதனால்தான் ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சு வலியோடு போகும்போது ட்வின்ஜ் என்று சொல்லிவிடாதீர்கள். 'லேசானது, போய்விடும்' என்ற அர்த்தம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழுத்துகிறதா, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, எத்தனை நிமிடமாக இருக்கிறது, இதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழிலேயே சொல்லி, இடத்தைக் கை வைத்துக் காட்டுங்கள்.