எண்ணெய் குடிப்பவை ஒரு பக்கம், குடிக்காதவை மறுபக்கம்

கேள்வி: தூத்துக்குடியில் வீட்டு கார் ஷெட்டையே பட்டறையாக வைத்திருக்கிறேன். 50 லிட்டர் ஏர் கம்ப்ரசர், அதன் காற்றில் ஓடும் அரை இன்ச் இம்பாக்ட் கன் (நட்டு கழற்றுவது), ஏர் ராட்செட், டை கிரைண்டர், ஸ்ப்ரே கன், ப்ளோ கன் இருக்கின்றன. எல்லாம் ஒரே இரும்புப் பெட்டியில்தான் கிடக்கும். மழை முடிந்து எடுத்தால் இம்பாக்ட் கன் சுற்றவில்லை, புஸ்ஸென்று காற்றுதான் போகிறது. இவற்றை எப்படி அடுக்கி வைப்பது?

பதில்: முதலில் அந்த கன்னை ஓரங்கட்டிவிடாதீர்கள். காற்று நுழையும் வாயில் பத்துச் சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் சாக்கெட் மாட்டும் முனையைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, குறைந்த பிரஷரில் ஓட்டுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

உள்ளே ரோட்டரில் நீளமான காடிகள் இருக்கும். அவற்றில் மெல்லிய தகடுகள் உள்ளே வெளியே நழுவினால்தான் ரோட்டர் சுற்றும். ஒருமுறை இப்படி அடைத்துக்கொண்ட கன்னைப் பிரித்தபோது, துருப்பொடியும் பழைய எண்ணெயும் குழைந்து காப்பிப்பொடிச் சேறு மாதிரி காடிகளை அடைத்திருந்தது. அந்தத் துருவுக்குக் காரணமான தண்ணீர் மழையில் நனைந்து வந்ததல்ல. கம்ப்ரசர் இழுக்கும் காற்றிலுள்ள ஈரம் டேங்கில் நீராகி, ஹோஸ் வழியாக டூலுக்குள் போகிறது. பெட்டி செய்த தப்பு, அதை உலரவிடாமல் மூடி வைத்ததுதான்.

ஆகவே அளவு பார்த்து அடுக்காதீர்கள். எண்ணெய் பார்த்துப் பிரியுங்கள். இம்பாக்ட், ராட்செட், கிரைண்டர் மூன்றும் எண்ணெய் குடிப்பவை. வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றி, வாயில் நாலைந்து சொட்டு விட்டு, ஹோஸை மறுபடி மாட்டி ஐந்து விநாடி ஓட்டிவிட்டு, டூலை ஒரு சுவரில் மாட்டி வையுங்கள். வெளியே தெறிக்கும் எண்ணெய் முகத்துக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. இன்ஜின் ஆயில் கெட்டி, பிசுபிசுத்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சிரிக்காதீர்கள், ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ப்ரே கன்னும் ப்ளோ கன்னும் எதிர்ச் சுவரில். ஸ்ப்ரே கன்னுக்குள் துளி எண்ணெய் போனாலும் பெயின்டில் சின்னச் சின்னக் குழியாக விழும். அதனால் அதற்குத் தனி ஹோஸ் வேண்டும். எண்ணெய் ஓடிய ஹோஸை எவ்வளவு ஊதினாலும் முழுசாகச் சுத்தமாகாது. இரண்டு ஹோஸிலும் வேறு வேறு நிறத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், குழப்பம் வராது.

மாட்டுவதற்குக் கடையில் ஸ்டாண்டு தேட வேண்டியதில்லை. 18 மி.மீ. பிளைவுட்டை நேராகச் சுவரில் அறையாமல், பின்னால் ஒரு இன்ச் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடியுங்கள். சுவரின் ஓதம் ஏறாது. மூன்று இன்ச் பிவிசி பைப்பை ஒரு சாண் துண்டுகளாக அறுத்து, அடிப்பக்கத்தில் கைப்பிடி நுழையுமளவு வெட்டிவிட்டுப் பிளைவுட்டில் படுக்கவாட்டில் திருகினால், கன்னின் உடல் பைப்புக்குள் படுக்கும், கைப்பிடி கீழே தொங்கும். மிச்ச எண்ணெய் சொட்டும். கீழே ஒரு பழைய எவர்சில்வர் தட்டு வையுங்கள், சமையலறையில் கேட்டுவிட்டு எடுங்கள். ராட்செட்டுக்கும் கிரைண்டருக்கும் ஒல்லியான பைப் போதும்.

ஹோஸை ஆணியில் தொங்கவிட்டால் மடிந்த இடத்தில் வெடிக்கும். பழைய கார் ரிம் ஒன்றைச் சுவரில் போல்ட் அடித்து அதில் சுற்றுங்கள். அப்புறம், வேலை முடிந்த அன்றே பிரஷரைக் குறைத்துவிட்டு, கம்ப்ரசர் டேங்குக்கு அடியிலுள்ள டிரெயின் வால்வைத் (தண்ணீர் வடிக்கும் திருகு) திறந்துவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு, வரும் தண்ணீரைப் பார்த்தால் நீங்களே திகைத்துப்போவீர்கள்.