இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கோடை முகாம் தேடுகிறீர்களா?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. வரைவது, பூச்சி, பறவை என்றால் உயிர். மகனுக்கு 7 வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான். இருவரையும் சேர்க்கிற மாதிரி ஒரு நல்ல கோடை முகாம் சொல்ல முடியுமா?

பதில்:

ஒரே முகாம் தேடாதீர்கள். ஆளுக்கு ஒன்றாகப் பாருங்கள். எனக்கும் இரண்டு மகள்கள். பெரியவளுக்குக் கூடைப்பந்து, சின்னவளுக்குக் களிமண்ணும் கத்தரிக்கோலும். ஏப்ரல் வந்தாலே எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சுதான்.

யோகா, ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, ஓவியம், அபாகஸ், அடுப்பில்லாச் சமையல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று துண்டறிக்கை வரும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாசலில் விட்டுவிட்டு வரலாம் என்பதால் நமக்கும் ஆசை வரும். ஆனால் பத்து நாளில் அத்தனையும் என்றால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. உங்கள் மகளுக்கு வரைவதில் கை சூடேறும் நேரத்தில் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிடும். மகனோ அவள் வரைந்து முடிக்கும்வரை நாற்காலியில் நெளிந்துகொண்டிருப்பான். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இப்படிக் கலந்து கொடுப்பது சரி. அவர்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற வயது. 11 வயதில் ஒரு விஷயத்தில் மனம் நிலைத்துவிட்ட பெண்ணுக்கு அது போதாது.

ஆளுக்கு ஒரு முகாம் என்றால் நேரம் மோதுமே என்று நினைப்பீர்கள். சென்னையில் அது அவ்வளவாக மோதாது, காரணம் வெயில். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். மதியம் கடற்காற்று ஏறினால் கொஞ்சம் தணியும்; மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் அந்தக் காற்றும் தாமதமாகத்தான் வரும். அதனால் விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் மைதானத்தை விடிகாலையிலும் மாலையிலும்தான் நடத்துவார்கள். ஓவியம், கைவினை, அறிவியல், கதை எல்லாம் பத்து மணிவாக்கில் கூரைக்குக் கீழே. மகனை ஆறு மணிக்கு மைதானத்தில் விட்டு எட்டு மணிக்குக் கூட்டி வந்து, குளித்துச் சாப்பிட்டபின் மகளைக் கொண்டுபோய் விடலாம். பகல் 11 மணிக்குத் திறந்த மைதானத்தில் கிரிக்கெட் பயிற்சி என்று யாராவது சொன்னால், அந்த முகாமை அங்கேயே விட்டுவிடுங்கள். வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

மகனுக்கு முதலில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைக்காலப் பயிற்சி முகாமைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதியில் மாவட்ட விளையாட்டரங்குகளில் நடக்கும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு, காலையும் மாலையும். தடகளம், கால்பந்து, கையுந்துபந்து என்று இருக்கும். ஏழு வயது அந்தந்த விளையாட்டுக்குச் சிறியதா என்று பயிற்சியாளரிடமே கேளுங்கள். தண்ணீர் பிடிக்கும் பையன் என்றால் வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் தொகுதி தொகுதியாகக் கற்றுக்கொடுப்பார்கள். பொதுவாகவே சிறுவர்களை நீச்சலில் சேர்க்கும்போது வயதோடு உயரமும் பார்ப்பார்கள், அதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளுக்குத்தான் சென்னையில் வாய்ப்பு அதிகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பெரிய பிரிவு இருக்கிறது, விடுமுறையில் நிகழ்ச்சிகளும் நடக்கும். பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஓவியம், பாட்டு, நடனம் சொல்லித் தருகிறார்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பானை, பொம்மை, ஓலை என்று கைவினைஞர்களிடமே நேராகக் கற்கலாம். அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை. பூச்சியும் பறவையும் பிடித்த பெண்ணுக்கு அங்கே ஒரு முழு நாள் போவதே பெரிய சந்தோஷம். ஆனால் நீங்கள் அண்ணா நகரிலோ அம்பத்தூரிலோ இருந்தால், தினமும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போவதாகத் திட்டம் போடாதீர்கள். வண்டியிலேயே பிள்ளை வாடிவிடுவாள். முகாம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும்; முட்டுக்காட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பார்க்கப் பிடிப்பது வேறு, செய்யப் பிடிப்பது வேறு. ஐபிஎல் ஒன்றுவிடாமல் பார்க்கிற பையன், காலை ஐந்தரைக்கு எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓட விரும்புவான் என்று சொல்ல முடியாது. இந்த வாரம் சில நாள் அதே நேரத்துக்கு எழுப்பிப் பூங்காவுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு நண்பன் சேருகிறான், அதனால் நானும் என்றால், ஏழு வயதில் அது நல்ல காரணம்தான், சேர்த்துவிடுங்கள். உங்கள் மகள் வயதில் அவளுடைய விருப்பத்துக்குத்தான் முதலிடம்.

அப்புறம், நேரில் போய்ப் பாருங்கள். ஓவிய வகுப்பின் சுவரில் முப்பது பிள்ளைகளும் ஒரே குடிசை, ஒரே தென்னை, ஒரே சூரியன் வரைந்திருந்தால், அங்கே பலகையைப் பார்த்து நகலெடுக்கிறார்கள் என்று அர்த்தம். மைதானத்தில் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் எத்தனை, ஓடுகிற பிள்ளைகள் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு பந்தும் நாற்பது பிள்ளைகளும் என்றால் உங்கள் மகன் நின்றே களைத்துவிடுவான். கழிப்பறையை உள்ளே போய்ப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். பெண் பணியாளர் முழு நேரமும் இருக்கிறாரா, பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பார்கள், இரண்டாம் நாளே வரமாட்டேன் என்றால் பணம் திரும்ப வருமா என்றும் கேளுங்கள். ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேட்டால், நல்ல ஆசிரியர்கள் தயங்காமல் சரி என்பார்கள்.

நீங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பிள்ளைகளை விட இடம் வேண்டும் என்றால், மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அப்போது உங்களுக்கு வேண்டியது பத்திரமான ஒரு இடம். சாப்பாடு, தண்ணீர், மதியம் படுக்க மின்விசிறி உள்ள அறை, பொறுமையான ஆயாம்மா, வீட்டுக்குப் பக்கம், இவ்வளவு இருந்தால் போதும். அங்கே இருவரையும் ஒன்றாகவே விடுங்கள். மகனுக்கு மாலை மைதானம், மகளுக்கு வார இறுதி ஓவிய வகுப்பு என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தாத்தா பாட்டி ஊருக்குப் போவதாக இருந்தால் மே இரண்டாம் பாதிக்குத் தள்ளி வையுங்கள். அரசு விளையாட்டு முகாம் அதற்குள் முடிந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். நீச்சல் தொகுதிகள்தான் முதலில் நிரம்பும். இருவரின் ஆதார் நகலையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.