வாசகர் கேள்வி – பதில்: பெரிய பிள்ளையான பின் நின்றுபோன ஓட்டம்

கேள்வி: என் மகள் தரம் 9இல் படிக்கிறாள். தரம் 7 வரை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் அஞ்சல் ஓட்டம் ஓடியவள், பெரிய பிள்ளையான பின்னர் மைதானத்தின் பக்கமே போவதில்லை. பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டதும் ரியூசன். இரு வேளையும் தகப்பனின் மோட்டார் சைக்கிளில்தான் பயணம். சிறிது தூரம் நடந்தாலும் களைக்கிறது என்கிறாள். முற்றம் கூட்டுவதும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் போதும் என்றும், இந்த வயதில் ஓடித் துள்ளினால் கர்ப்பப்பைக்குக் கூடாது என்றும் மாமி சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், விசுவமடு

பதில்: முதலில் மாமியின் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓடுவதாலும் துள்ளுவதாலும் வளரும் பெண்ணின் கர்ப்பப்பைக்கு எவ்விதத் தீங்கும் நேராது. மாதவிடாய் நாட்களிலும் உடல் இடங்கொடுத்தால் விளையாடலாம். அளவான அசைவு வயிற்றுவலியைக் குறைப்பதும் உண்டு. பாடசாலைக்குப் போகவே முடியாத அளவுக்கு வலியோ இரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் வைத்தியரைப் பார்க்க வேண்டும். மாமியைக் குறைகூற வேண்டாம். துணியை மடித்து வைத்துச் சமாளித்த அவருடைய காலத்தில், அந்நாட்களில் வீட்டோடு இருப்பதே வசதியாக இருந்தது. உடற்கல்வி ஆசிரியையாக இருந்த காலத்தில், விளையாட்டிலிருந்து விலக்குக் கேட்டுக் கடிதம் கொண்டுவந்த மாணவிகள் பலருடன் தனியே பேசியிருக்கிறேன். அவர்களை நிறுத்தியது பெரும்பாலும் வலி அன்று. வெள்ளைச் சீருடையில் கறை பட்டுவிடுமோ என்ற பயமும், கழிப்பறையில் தண்ணீரோ கதவுக்குக் கொளுக்கியோ இல்லாத நிலையுமே. உங்கள் மகளிடமும் இதைத்தான் முதலில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுவேலையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். கிணற்றில் நீர் அள்ளுவது கைக்கும் முதுகுக்கும் நல்ல வேலை. ஆயினும் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு, நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வேகமாக வாங்கும்படியான உடலியக்கம் வேண்டுமென்றும், வாரத்தில் 3 நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி அதில் அடங்க வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எலும்பின் உறுதியில் பெரும்பங்கு இருபது வயதுக்கு முன்னரே சேர்ந்துவிடுவதால், ஓடியும் துள்ளியும் அதைச் சேர்க்க வேண்டிய பருவத்தில் உங்கள் மகள் இருக்கிறாள். முற்றம் கூட்டுவது அதற்கு ஈடாகாது. அந்த 60 நிமிடங்களும் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். இதை அவளுடைய சோம்பல் என்றும் எண்ணிவிடாதீர்கள். 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டு நிலவரத்தை அதே நிறுவனம் ஆராய்ந்தபோது, 11 முதல் 17 வயது வரையான பெண்பிள்ளைகளில் 100க்கு 85 பேரும் ஆண்பிள்ளைகளில் 78 பேரும் இந்த அளவை எட்டவில்லை என்று தெரியவந்தது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன்: அவளுடைய சைக்கிள் எங்கே? வன்னியில் உள்வீதிகளிலிருந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கோ ஏ9 வீதிக்கோ வருவதற்கே பல பிள்ளைகள் சில கிலோமீற்றர் மிதிக்க வேண்டும். யாரும் பயிற்சி என்று பெயரிடாமலே அவர்களுக்கு அது பயிற்சியாக இருந்தது. பிள்ளை பெரியவளானதும் சைக்கிள் தாழ்வாரத்துக்குப் போய்விடுகிறது. விளக்கில்லாத வீதி, குடித்துவிட்டு நிற்பவர்கள், சில இடங்களில் யானை என்று தகப்பன் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அச்சமெல்லாம் மாலை இருட்டுக்குரியது. காலையில் பாடசாலைக்குப் போகும் பயணத்துக்கு அது பொருந்தாது. அயலிலுள்ள நான்கைந்து பிள்ளைகள் ஒன்றாகச் சைக்கிளில் போகட்டும். பெற்றோர் முறைவைத்து, நாளுக்கு ஒருவராகப் பின்னால் மோட்டார் சைக்கிளில் மெதுவாகச் செல்லலாம். போகக் கால் மணி, வரக் கால் மணி என்றால் நாளின் பாதிப் பங்கு அதிலேயே கிடைத்துவிடும். மாலை ரியூசனுக்கு மட்டும் தகப்பன் ஏற்றி இறக்கட்டும்.

களைப்பைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. மாதவிடாய் தொடங்கிய பிள்ளை நடந்தாலே களைத்தால், இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரம் 10 பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை காத்திராமல், வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதன் முடிவு தெரிவதற்கு முன் அவளை ஓடு என்று நெருக்க வேண்டாம். முருங்கையிலை வறை, மீன், பருப்பு ஆகியவற்றோடு தேசிக்காய்ப் புளியும் சேரட்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதால், அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

பரிசோதனையில் குறையில்லையென்றால், அல்லது குறை தீர்ந்த பின், ஒரு கயிறு வாங்கிக் கொடுங்கள். ரியூசன் இல்லாத நாட்களில், வெயில் தாழ்ந்த பின் கோடிப்புறத்தில் பத்து நிமிடம் கயிறடிப்பதில் தொடங்கலாம். முதல் வாரம் நீங்களும் அவளுடன் நில்லுங்கள். மாமி மறுபடியும் வயதைக் காரணம் காட்டினால், 2023ஆம் ஆண்டு எழுபது வயதைக் கடந்த பின் பிலிப்பைன்ஸில் மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கம் வென்ற முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் இந்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறேன். வலைப்பந்தாட்ட அணியை விட்டுவிடுமாறு வீட்டில் சொல்கிறார்கள். விடத்தான் வேண்டுமா?
— ஒரு மாணவி, மல்லாவி

பதில்: வேண்டாம், மகளே. போட்டிப் பயணங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மாலைப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடாக எந்த நாளில் எந்தப் பாடத்தைப் படிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சைவிட அது அவருக்கு நம்பிக்கை தரும். விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் பாடசாலையிலும் இருந்தால், அதை அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுப்பும்படி பெற்றோரிடம் கேளுங்கள்.