சிங்கப்பூரில் புவியியல் பொறியியலுக்கு என்ன வேலை?

மலையும் சுரங்கமும் இல்லாத ஊரில் மண்ணையும் பாறையையும் ஆராயும் இந்தத் துறையைப் படித்து என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். வேலை நம் காலடியிலேயே இருக்கிறது: எம்ஆர்டி ரயில் சுரங்கப்பாதைகள், எண்ணெய் சேமிக்கும் ஜூரோங் பாறைக் குகைகள். சிவில் பொறியியலில் சேர்ந்து மண் இயக்கவியல், பாறை இயக்கவியல் பாடங்களை எடுங்கள்.

தொடக்கம் பெரும்பாலும் துளையிடும் தளத்தில்தான். மண் எவ்வளவு உறுதியானது என்று அறிய, 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவீர்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, துளையின் அடிமண் கலைந்திருக்கும். மிக மென்மையான காலாங் கடற்களிமண்ணில் சில இடங்களில் அடிக்கவே வேண்டாம், சுத்தியலின் எடையிலேயே குழாய் இறங்கிவிடும். அங்கே, தகடுகளை மண்ணுக்குள் செருகிச் சுழற்றி வலிமையை அளக்கும் வேன் சோதனைதான் நம்பகமானது. 2004-இல் எம்ஆர்டி பணிக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்த நிக்கல் நெடுஞ்சாலை விபத்தில் 4 பேர் இறந்தார்கள். களிமண்ணின் வலிமையைக் கூடுதலாகக் கணக்கிட்டதும் அதற்கு ஒரு காரணம்.