கூலிங் டவர் இல்லாத கட்டடத்துக்குத் தண்ணீர்ப் புள்ளிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லீட் பசுமைக் கட்டடச் சான்றிதழின் 4 மற்றும் 4.1 பதிப்புகளில், புதிய கட்டடங்களுக்கான பிரிவை அடிப்படையாகக் கொண்டு கீழே பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகக் கட்டடம் முழுவதும் காற்றால் குளிரும் சில்லரில் (ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இயங்குகிறது, கூலிங் டவர் (தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றும் கோபுரம்) கிடையாது. அதற்குரிய 2 புள்ளிகளைக் கைவிட வேண்டியதுதானா?

4-ஆம் பதிப்பின்படி மட்டும் பார்த்தால், ஆம். அந்தப் பதிப்பில் இந்தப் புள்ளிகள் டவரில் சுற்றும் தண்ணீரை, அதிலுள்ள உப்புகள் எத்தனை மடங்கு செறிவாகும்வரை (இதுவே செறிவுச் சுழற்சி) பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கே தரப்படுகின்றன. டவரே இல்லாதவருக்கு அங்கே கணக்குக் காட்ட எதுவும் இல்லை. தண்ணீரை ஆவியாக்காமலேயே கட்டடத்தைக் குளிர்விப்பவருக்கு, தண்ணீரை ஆவியாக்கிவிட்டு அதில் கொஞ்சம் மிச்சப்படுத்துபவருக்குக் கிடைக்கும் புள்ளிகூடக் கிடைக்காதது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

4.1-இல் இந்தக் குறை பெருமளவு சரிசெய்யப்பட்டிருக்கிறது. அங்குள்ள இரண்டாவது வழியில், உங்கள் கட்டடம் ஓர் ஒப்பீட்டுக் கட்டடத்துடன் வைத்துப் பார்க்கப்படுகிறது. அந்த ஒப்பீட்டுக் கட்டடத்தில் நீரால் குளிரும் சில்லரும், 3 செறிவுச் சுழற்சிகளில் இயங்கி, சுற்றும் நீரில் 0.002 சதவீதத்துக்கு மேல் துளிகளாக வெளியே விடாத டவரும் இருப்பதாகக் கொள்ளப்படும். அதன் தண்ணீர்ச் செலவைவிட 25 சதவீதம் குறைத்தால் 1 புள்ளி, 50 சதவீதம் குறைத்தால் 2 புள்ளிகள். டவரே இல்லாத கட்டடத்தின் சேமிப்போ 100 சதவீதம்.

ஆனால் இந்த வழி எல்லோருக்கும் திறந்ததல்ல. கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கான ஆஷ்ரே 90.1 தரநிலையின் ஜி இணைப்பு உங்கள் கட்டடத்துக்கு விதிக்கும் ஒப்பீட்டுக் குளிர்விப்பு அமைப்பில் டவர் இருந்தாக வேண்டும். அலுவலகம் போன்ற கட்டடம் 5 தளங்களுக்கு மேற்பட்டதாகவோ, ஏறத்தாழ 14,000 சதுர மீட்டரைத் தாண்டியதாகவோ இருந்தால் 7 அல்லது 8-ஆம் வகை அமைப்பு பொருந்தும். அவை இரண்டிலும் டவர் உண்டு. எனவே, கட்டடத்தின் ஆற்றல் பயன்பாட்டைக் கணினியில் கணிக்கும் பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "நமது ஒப்பீட்டு அமைப்பு எந்த வகை?" என்பதுதான். 4-ஆம் பதிப்பில் பதிவுசெய்த திட்டங்களும் தனித்தனிப் புள்ளிகளுக்கு 4.1 விதிகளை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதால், பதிவு முடிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பு. இது எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. குடியிருப்புக்கான ஒப்பீட்டு அமைப்பு அறைக்கு அறை தனிச் சாதனம் வைப்பதாகவே அமைகிறது. அதில் டவர் இல்லாததால், ஒப்பிட்டுச் சேமிப்புக் காட்ட முடியாது.

கேள்வி: அப்படியானால் எங்கள் உழைப்பை எதில் போடுவது?

கட்டடத்துக்குள் பயன்படும் தண்ணீரில் போடுங்கள். 4-ஆம் பதிப்பில் தண்ணீருக்கு உள்ள 11 புள்ளிகளில் 6 அங்கேதான் இருக்கின்றன. 25 சதவீதக் குறைப்புக்கு 1 புள்ளியில் தொடங்கி, ஒவ்வொரு 5 சதவீதத்துக்கும் ஒன்று கூடி, 50 சதவீதத்தில் 6 ஆகிறது.

ஆண்கள் 50, பெண்கள் 50 எனப் பணிபுரியும் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷவரும் சமையலறைக் குழாயும் இல்லை. விதிப்படி நாளொன்றுக்குக் கழிப்பிட ஃபிளஷ் 200 முறை, யூரினல் 100 முறை, கைகழுவுதல் 300 முறை, ஒவ்வொன்றும் 30 விநாடி. அடிப்படை அளவுகளான 6 லிட்டர் ஃபிளஷ், 3.8 லிட்டர் யூரினல், நிமிடத்துக்கு 1.9 லிட்டர் குழாய் ஆகியவற்றைப் போட்டால் மொத்தம் 1,865 லிட்டர் வருகிறது. ஃபிளஷை 4.8 லிட்டராகவும், யூரினலை 1.9 லிட்டராகவும், குழாயை நிமிடத்துக்கு 1.3 லிட்டராகவும் மாற்றினால் 1,345 லிட்டர். அதாவது ஏறத்தாழ 28 சதவீதக் குறைப்பு, 1 புள்ளி. யூரினலை மட்டும் அரை லிட்டர் வகைக்கு மாற்றினால் 1,205 லிட்டராகி, 35 சதவீதத்தைத் தாண்டி 3 புள்ளிகள் வந்துவிடுகின்றன.

பொருத்திய பிறகு ஒருமுறை நேரில் சோதியுங்கள். நிமிடத்துக்கு 1.3 லிட்டர் விடும் ஏரேட்டர் (குழாய் முனையில் நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வலை) உள்ள குழாயை 30 விநாடி திறந்து அளவுக்குவளையில் பிடித்தால் ஏறத்தாழ 650 மில்லிலிட்டர் வர வேண்டும். 900-ஐத் தாண்டினால், தவறான ஏரேட்டர் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு திட்டத்தில் ஒரு தளம் முழுவதும் அப்படி மாட்டப்பட்டிருந்ததை, குவளையும் கடிகாரமும் கொண்டுதான் நான் கண்டுபிடித்தேன். ஆவணங்களில் எல்லாம் சரியாகவே இருந்தது.

கேள்வி: ஏசியிலிருந்து வடியும் நீரைக் கழிப்பிடத்துக்குப் பயன்படுத்தினால் கணக்கில் சேருமா?

சேரும். ஆனால் முன்நிபந்தனையான முதல் 20 சதவீதத்தைக் குழாய், ஃபிளஷ் போன்ற சாதனங்களாலேயே எட்டியாக வேண்டும். மாற்று நீர் அதற்கு மேல்தான் உதவும். மேலே சொன்ன அலுவலகத்தில், அரை லிட்டர் யூரினலோடு நாளொன்றுக்கு 300 லிட்டர் வடிநீர் ஃபிளஷுக்குப் போனால் குறைப்பு 51 சதவீதத்தைத் தாண்டி, 6 புள்ளிகளும் கிடைத்துவிடும். அந்த நீரில் தாதுக்கள் மிகக் குறைவு என்பதால் உலோகக் குழாயை அரிக்கக்கூடும். தேங்கினால் கிருமி வளரும். ஆகவே பிளாஸ்டிக் குழாயும், கிருமிநீக்கமும், குடிநீர்க் குழாயுடன் எங்கும் இணையாத தனி வழியும் தேவை.

கேள்வி: டவர் இல்லாதபோது மீட்டருக்கான புள்ளி கிடைக்குமா?

கிடைக்கும். பாசனம், உட்புறச் சாதனங்கள், வெந்நீர், மறுசுழற்சி நீர் முதலியவற்றில் ஏதேனும் இரண்டுக்கு நிரந்தரத் துணை மீட்டர் பொருத்தினால் போதும்.

கேள்வி: எங்களிடம் டவர் இல்லை, ஆவிக் குளிர்விப்புக் கண்டன்சர் மட்டும் இருக்கிறது. விலக்கு உண்டா?

இல்லை. அதுவும் தண்ணீரை ஆவியாக்கித்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது. நிரப்பு நீர் மீட்டர், கடத்துதிறன் கட்டுப்பாட்டுக் கருவி (நீரின் உப்புச் செறிவைக் கண்காணிப்பது), வழிவு எச்சரிக்கை, துளித்தடுப்பான் ஆகிய நான்கும் அதற்கும் கட்டாயம்.

கேள்வி: இந்தப் புள்ளிகளுக்காகவே வடிவமைப்பில் உள்ள டவரை நீக்கிவிடலாமா?

அதற்காக மட்டும் நீக்காதீர்கள். ஒரு டன் (ஏறத்தாழ 3.5 கிலோவாட்) குளிர்விப்பு ஒரு மணி நேரம் நடக்க, டவரில் ஏறத்தாழ 6.5 லிட்டர் ஆவியாகிறது. 3 சுழற்சிகளில் வெளியேற்றும் நீரையும் சேர்த்தால் 10 லிட்டரை நெருங்கும். இது பெரிய அளவுதான். ஆனால் காற்றால் குளிரும் சில்லர் அதே குளிர்ச்சிக்குக் கூடுதல் மின்சாரம் எடுக்கும். தண்ணீரில் பெறும் 2 புள்ளிகளைவிட ஆற்றலில் இழப்பது அதிகமாகக்கூட இருக்கலாம். ஆண்டு முழுவதுக்குமான தண்ணீர்க் கணக்கையும் மின்கணக்கையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சில்லருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே முடிவெடுங்கள்.