மெரினாவுக்குப் பெயர் வைத்த எம்.பி.

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்து மெட்ராஸ் கவர்னர்கள் எல்லோரும் இங்கேயே வேலை பார்த்து மேலே வந்தவர்களா? லண்டனிலிருந்து அரசியல்வாதிகளையும் அனுப்பினார்களா?

பதில்: இரண்டு ரகமும் உண்டு. தாமஸ் மன்றோ இங்கே கலெக்டராகக் குதிரையில் அலைந்து, அப்புறம் கவர்னர் ஆனவர். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தபிறகு லண்டன் அரசியல்வாதிகளும் கப்பலேற ஆரம்பித்தார்கள். 1880 கடைசியில் வந்த வில்லியம் ஆடம், லிபரல் கட்சியின் கொறடாவாக இருந்தவர். பாவம், அடுத்த மே மாதமே ஊட்டியில் இறந்துபோனார். அந்த நாற்காலிக்கு வந்தவரும் எம்.பி.தான், பெயர் கிராண்ட் டஃப்.

இவருடைய அப்பா மராட்டிய சமஸ்தானமான சதாராவில் ரெசிடெண்டாக, அதாவது ராஜாவின் தர்பாரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்து மராட்டியர் வரலாறு எழுதியவர். தன் மேலதிகாரி மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டனின் பெயரை அப்படியே மகனுக்கு வைத்துவிட்டார். மகன் 1857-ல், இங்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த வருடம், ஸ்காட்லாந்தின் எல்ஜின் தொகுதியில் ஜெயித்து 24 வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். 1868 முதல் 1874 வரை இந்தியாவுக்கான துணை அமைச்சர். அமைச்சரான ஆர்கைல் பிரபு மேல்சபைக்காரர் என்பதால், கீழ்ச்சபையில் இந்தியாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் இவர்தான்.

1881 நவம்பர் 5-ல் இங்கே பதவியேற்றார். ஒரு வாரத்தில் புயல் வந்து, கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தைப் பிய்த்துப் போட்டது. சகுனம் சரியில்லை!

லிபரல் கட்சிக்காரர், இந்தியாவைத் தெரிந்தவர் என்று நம் ஆட்கள் எதிர்பார்த்தார்கள். அதே சமயம் வைஸ்ராயாக இருந்த ரிப்பனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள், இவரிடம் ஏமாந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1882 சேலம் கலவர வழக்கில் நகரசபை உறுப்பினரான விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருடத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஐகோர்ட் அவரை விடுவித்ததெல்லாம் இவர் ஆட்சியில்தான். ‘தி ஹிந்து’ இவரை விட்டு வைக்கவில்லை. பார்லிமெண்டில் இந்தியாவைப் பற்றிப் பேசுவது வேறு, இந்தியர்கள் பேசுவதைக் கேட்பது வேறு போலிருக்கிறது.

ஆனால் ஒரு காரியம் நிலைத்துவிட்டது. துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலைத் தடுத்ததால் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து, ஒரு காலத்தில் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்த கடல் தள்ளிப் போக ஆரம்பித்தது. அந்தக் கரையோரமாக உலாவுவதற்குப் பாதை போட்டு, எப்போதோ சிசிலியில் பார்த்த கடற்கரையை நினைத்துக்கொண்டு 1884-ல் ‘மெரினா’ என்று பெயரும் வைத்தார். உலகத்திலேயே அழகான உலாவிடங்களில் ஒன்று என்று பெருமையாக நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். இன்றைக்கு அங்கே காற்று வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த மனிதரைத் தெரியும்?

1886 டிசம்பரில் கிளம்பிப் போனவர் திரும்பப் பார்லிமெண்ட் பக்கம் போகவில்லை. நாட்குறிப்பைப் பதினான்கு தொகுதிகளாக அச்சிட்டார். கனமான அரசியலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, சந்தித்த மனிதர்கள், கேட்ட வேடிக்கைப் பேச்சு என்றே நிரப்பியிருக்கிறார். கவர்னர் ஆட்சிக்கு விளக்கம் தேடி அதைப் புரட்டப் போகிறீர்கள் என்றால், நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.